வீரய்யா பெயரெழுதிய அறுபத்திரண்டு பிரதிகள்

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் உள்ள இரும்புக் கடையொன்றில் வீரய்யா இருபத்தொன்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். முக்கால் அங்குல ஆணியையும் ஓர் அங்குல ஆணியையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துவிடுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏன் என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டுல ஒருத்தர் படிச்சா போதும்னு இருந்துட்டேன்" என்பார். அந்த ஒருத்தர் அவருடைய தங்கச்சி துஷ்யந்தி. கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அம்பிட்டியவில் அண்ணன் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். மாடியறையில் இருந்துகொண்டு கதை எழுதுகிறாள் என்பது வீரய்யாவுக்கு உலகத்திலேயே பெரிய செய்தி. சீமெந்து வாங்க வருகிறவரிடமும் சொல்லுவார்.

பத்து வருடமாக ஞாயிறு பத்திரிகைகளில் வந்த பதினொரு கதைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. பதிப்பகங்களைக் கேட்டார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், "உங்கள் கதைகள் எமக்கு மிகவும் பிடித்திருக்கின்றன, அச்சுச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும்" என்று எழுதியிருந்தார்.

"செலவையும் நாம செஞ்சிட்டு அவருக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?" என்றார் வீரய்யா. "நாமளே போடுவோம்."

அச்சகத்துக்காரர் நல்ல மனிதர். முந்நூறு பிரதிக்கும் ஐந்நூறு பிரதிக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் வராது என்று விளக்கினார். இலங்கையில் சொந்தமாகப் புத்தகம் போட்ட அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் தலையாட்டியிருக்கிறார்கள். வீரய்யாவும் தலையாட்டினார். ஐந்நூறு.

அச்சுப்படி திருத்தும் வேலையை வீரய்யா வேறு யாருக்கும் விடவில்லை. அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, சிவப்புப் பேனாவால், மூன்று தடவை. நூற்று அறுபது பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு பிழை பிடித்தார். அச்சகத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "என் தங்கச்சி புத்தகத்துல ஒரு பிழை காட்டுங்க பாப்போம்" என்று கடையில் சொல்லித் திரிந்தார். 'மழைக்கு ஒதுங்கியவர்கள்' என்று தலைப்புப் போட்ட புத்தகங்கள் பத்துப் பெட்டியில் வந்து இறங்கின. அலுமாரிக்கு மேலே மூன்று, கட்டிலுக்குக் கீழே நான்கு, விறாந்தையில் மூன்று.

"கதிரை வாங்கணும்னு ரெண்டு வருசமா கேட்டேன்" என்றாள் அவர் மனைவி கலாராணி, விறாந்தைப் பெட்டி ஒன்றின் மேல் துணியை விரித்தபடி. "இப்பதான் வாங்கியிருக்கீங்க."

அடுத்தது வெளியீட்டு விழா. நம் ஊர்களில் புத்தகம் கடையில் விற்பதில்லை, மேடையில்தான் விற்கும். முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் எழுந்து போய், பிரதம விருந்தினர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, கடித உறையைக் கொடுத்து, கெமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார். உறைக்குள் இருப்பதுதான் புத்தகத்தின் விலை.

சிறப்புப் பிரதி பெறுவோர் பட்டியலில் எண்பத்துநான்கு பேர். இங்கேதான் வீரய்யா தன் திறமையைக் காட்டினார். அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். கடையில் சாமான் அடுக்கும் ராக்கை லேபிள் எல்லாம் அவர் கைதான். ஒரு கிழமை விடுமுறை போட்டு, எண்பத்துநான்கு பிரதியின் முதல் பக்கத்திலும், பட்டம் பதவி ஊரோடு பெயரை எழுதினார். 'திரு. எம். ஜவாஹிர் ஹாஜியார், வர்த்தகர், குண்டசாலை அவர்களுக்கு அன்புடன்.' கீழே துஷ்யந்தி கையெழுத்து வைத்துக்கொண்டே போனாள்.

"வந்த பிறகு எழுதலாமே அண்ணே?"

"மேடையில நின்னு அவசரத்துல எழுதினா எழுத்து கோணும். எல்லாம் தயாரா இருக்கணும்."

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாள் என்பதை வீரய்யா கலண்டரில் பார்த்திருக்கவில்லை; பிழை பிடிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார். மூன்று மணிக் கூட்டம் நாலேகாலுக்குத் தொடங்கியது. மண்டபத்தில் ஐம்பது பேர். அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள்.

ஆய்வுரை நிகழ்த்தியவர் இலக்கியச் செம்மல் மலைமுகிலன். கண்டிப் பக்கத்தில் எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் ஆய்வுரை அவருடையதுதான். ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். மழை பற்றிச் சங்க காலத்தில் என்ன சொல்லப்பட்டது, இந்த வருடம் மகாவலியில் எவ்வளவு தண்ணீர், மழையும் மலையக மக்களும், அட்டைப்படத்தில் உள்ள குடையின் நிறம் ஏன் கறுப்பு. கடைசியில், "கதைகளைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் வாசிக்கும் சுவை கெட்டுவிடும்" என்று சொல்லி அமர்ந்தார். வீரய்யாதான் முதலில் கைதட்டினார்.

பிறகு சிறப்புப் பிரதிகள். அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிடுவார். யாரும் எழும்ப மாட்டார்கள். மறுபடியும் கூப்பிடுவார். மூன்றாம் முறை, "அவர் சார்பில்..." என்று இழுப்பார். உடனே முன்வரிசையில் இருந்த பெரியப்பா மகன் எழுந்து போய் வாங்குவார். அவர் ஐந்தாவது தடவை மேடை ஏறியபோது பிரதம விருந்தினரே சிரித்துவிட்டார். இனிமேல் யார் சார்பிலும் போகவேண்டாம் என்று வீரய்யா கண்ணால் சாடை காட்டினார்.

தேநீரோடு கொடுக்க நூற்றைம்பது பெற்றிஸ் சொல்லியிருந்தார்கள். நூற்றைம்பதும் முடிந்தது. எண்பத்துநான்கு சிறப்புப் பிரதியில் இருபத்திரண்டு போனது. பெயரெழுதிய அறுபத்திரண்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

வெறும் புத்தகமென்றால் வேறு யாருக்காவது விற்கலாம். 'ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்' என்று ஒருவர் பெயர் போட்ட புத்தகத்தை யார் வாங்குவார்? அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்றாள் துஷ்யந்தி. கிழித்தால் உள்ளே தையல் விட்டுவிடும் என்றார் வீரய்யா. தையலை விட, தன் எழுத்தைத் தானே கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அதே பேருல வேற ஆளா பாத்து வில்லுங்களேன்" என்றாள் கலாராணி.

அவள் கிண்டலாகச் சொன்னாள். வீரய்யா அப்படியே செய்தார். 'ஜனாப் பாயிஸ், முகாமையாளர்' என்று எழுதிய பிரதியை, அம்பிட்டிய சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டும் பாயிஸிடம் கொண்டுபோனார். பாயிஸ் முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு முகாமையாளர்னு எழுதின மொத ஆள் நீங்கதான் அண்ணே. எவ்வளவு?"

விலையைக் கொடுத்து வாங்கி, முதல் பக்கம் தெரிகிற மாதிரி விரித்து, வண்டியின் முன்கண்ணாடியில் ரப்பர் பட்டி போட்டு மாட்டினார். இரண்டாம் பக்கம் இன்றுவரைக்கும் வெளிச்சம் பார்க்கவில்லை.

கண்டி நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் பெயர் எழுதாத ஐந்து பிரதி வைத்தார்கள். "வித்தா சொல்றேன்" என்றார் கடைக்காரர். புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களுக்குப் பின்னால், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அவை நின்றன. இரண்டு மாதம் கழித்து வீரய்யா போய் எண்ணிப் பார்த்தார். ஆறு இருந்தது. இரும்புக் கடையில் இருபத்தொன்பது வருடத்தில் எந்த ராக்கையிலும் சாமான் தானாகக் கூடியதை அவர் கண்டதில்லை.

"அது ஒரு ஆள் கொண்டாந்து குடுத்துட்டு, பதிலா வினாத்தாள் கேட்டாரு" என்றார் கடைக்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு. "தெரிஞ்ச ஆளு. மறுக்க ஏலல்ல."

இதை வீரய்யா தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு வேறு வழியிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. முகநூலில் நூற்றெழுபது பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அதில் நாற்பது பேர், "எனக்கொரு பிரதி அனுப்ப முடியுமா சகோதரி?" என்று கேட்டிருந்தார்கள். அனுப்பியதும் அவர்களிடமிருந்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் வந்தது. படத்தோடு சரி.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் துஷ்யந்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் நீல அட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பி. அவள் எழுதிக்கொண்டிருந்த நாவல். பாதி முடிந்திருந்தது.

"அண்ணே, பொங்கல் வரைக்கும் பாப்பேன். நமக்குச் சொந்தமில்லாத ஒரே ஒரு ஆள், புத்தகத்த வாசிச்சிட்டு, உள்ளுக்கு இருக்கிறதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். நல்லா இருக்குன்னு சொல்ல வேணாம். வாசிச்சிருக்கணும். அவ்வளவுதான். இல்லாட்டி இத அலுமாரியில வச்சிப் பூட்டிருவேன்."

"மலைமுகிலன் ஐயா ஐம்பத்தஞ்சு நிமிசம் பேசினாரே?"

"குடையப் பத்திப் பேசினாரு."

வீரய்யா அன்றிரவு விறாந்தைக்குப் போய்ப் பெட்டிகளை எண்ணினார். பத்துப் பெட்டி விற்காவிட்டால் விறாந்தையில் கிடக்கும். கலாராணிக்குக் கதிரை மிச்சம். அந்த நீலக் கொப்பி பூட்டிக் கிடந்தால், சீமெந்து வாங்க வருகிறவரிடம் அவர் எதைச் சொல்லுவார்?

மறு ஞாயிறே பெயரெழுதிய பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு, குடையும் கையுமாக, பெயருக்குரியவர்களைத் தேடி வீடுவீடாகப் போகத் தொடங்கினார். காசு கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். வாசித்தால் போதும். தன் பெயர் முத்தெழுத்தில் இருக்கிற புத்தகத்தை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். அந்தப் பக்கத்தைத் தாண்டவும் யாருக்கும் விரல் வரவில்லை என்பதைக் கண்டுகொள்ள ஒரு மாதம் ஆனது.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு குறை இருக்கே."

"சொல்லுங்க சேர்!"

"அகில இலங்கை சமாதான நீதவான் என்கிறது விடுபட்டிருக்கு."

வீரய்யா அதே மைப் பேனாவை எடுத்து, அதே அளவு எழுத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்தார். அதிபர் புத்தகத்தை மூடி, ஷோகேஸில் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

குண்டசாலையில் ஜவாஹிர் ஹாஜியார் வீட்டில் அவர் இருக்கவில்லை. மனைவி மஸீனாதான் கேட்டைத் திறந்தார். "அவர் கடையில. வந்தா குடுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். வீரய்யா அந்தப் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்குத் தொலைபேசி வந்தது.

"வீரய்யா அண்ணனா? ஜவாஹிர் ஹாஜியார்ட வீட்டுலேந்து மஸீனா. அந்தப் புத்தகம் எழுதின பிள்ளையோட கொஞ்சம் கதைக்க ஏலுமா?"

"என்ன விசயமுங்க?"

"ஒரு பிழை இரிக்கி."

வீரய்யா மேசையில் பேனாவைத் தேடி எடுத்தார். எந்தப் பக்கம், எந்த வரி, ஒற்றெழுத்தா, கால் போடாமல் விட்டதா என்று அடுக்கிக் கேட்டார். அதெல்லாம் இல்லை, நேரில்தான் சொல்லவேண்டும் என்றார் மஸீனா. தங்கச்சியை அனுப்ப அவருக்கு மனமில்லை. அவரே போனார். பையில் அடிமட்டமும் இருந்தது.

மஸீனா புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓரங்கள் மடங்கியிருந்தன. ஒரு பக்கத்தில் கறி மஞ்சள். விற்காத புத்தகங்களையே பார்த்துப் பழகிய வீரய்யாவுக்கு அது ஒரு விபத்தில் அடிபட்ட புத்தகம் மாதிரித் தெரிந்தது.

"இந்தாங்க, ஆறாவது கதை. ராசம்மான்டு ஒரு பொம்பள. மகனை ஸ்கூல்ல சேக்கிறதுக்காக ரெண்டு தோட்டையும் அடகு வெக்கிறா. சரிதானே?"

"சரிங்க."

"நான் அழுதிட்டேன் அண்ணே. எனக்கும் அப்பிடி ஒரு காலம் இருந்திச்சி. சரி. கடைசிப் பக்கத்துக்கு வாங்க. ஸ்கூல் கேட்டடியில மழையில நிக்கிறா. மகன் உள்ளுக்குப் போறான். இவ காதுத் தோட்டைத் திருகிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா."

"ஆமாங்க."

"எந்தத் தோடு?"

வீரய்யா அடிமட்டத்தை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. முற்றுப்புள்ளியும் இருந்தது.

"மீட்டிருப்பாங்க" என்றார் மெல்ல.

"எதால? குடை வாங்க வழியில்லாம நனையிறா. மீட்டிருந்தா அதச் சொல்லோணும். அது சின்ன விசயமா? ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்ல. ஒரு தோட்ட ஒளிச்சி வெச்சாளா, மலிவா ஒரு கல்லுத் தோடு வாங்கிப் போட்டாளா, ஆரும் குடுத்தாங்களா?"

"நான் மூணு தடவை பாத்தேங்க. அடிமட்டம் வச்சி."

"நீங்க எழுத்தப் பாத்தீங்க அண்ணே. ராசம்மாட காதப் பாக்கல்ல."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். தங்கச்சி கேட்டது ஓர் ஆளை. ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆள் பிழையோடு வந்திருக்கிறார். சொன்னால், பத்து வருடம் எழுதியவள் உடைந்துபோகலாம். சொல்லாவிட்டால் கொப்பி பூட்டப்படும். இரண்டுக்கும் நடுவில் வேறு ஒன்றும் உறுத்தியது. அவ்வளவு எழுத்தையும் பார்த்தவர், ராசம்மா தோட்டை அடகு வைத்ததையே இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

ஒரு பாதுகாப்புக்காக மலைமுகிலனுக்குத் தொலைபேசி எடுத்து, தோட்டு விசயத்தைச் சொன்னார்.

"ஆகா! அது பிழையில்லை வீரய்யா. மாய யதார்த்தம். இல்லாத தோட்டைத் திருகுகிறாள் பாருங்கள். இதைத்தான் அன்றைக்கு என் உரையில் தொட்டுச் சென்றேன்."

"நீங்க குடையைத்தான் தொட்டீங்க ஐயா."

மறுமுனையில் தொடர்பு சரியில்லாமல் போனது.

பொங்கலன்று காலையில் கலாராணி முற்றத்தில் பானை வைத்துக்கொண்டிருந்தாள். துஷ்யந்தி நீலக் கொப்பியோடு இறங்கி வந்து, நேராகப் போய் அலுமாரியைத் திறந்தாள். பூட்டுவதற்கான திறப்பும் அவள் கையில் இருந்தது.

"துஷி, நில்லு" என்றார் வீரய்யா. "ஒரு ஆள் வாசிச்சிருக்கு."

அவள் திரும்பினாள்.

"குண்டசாலையில. மஸீனான்னு. ஆனா ஒரு பிழை பிடிச்சிருக்காங்க. நீ மனசு விட்றாத. அது நான் பாத்திருக்க வேண்டியது. எம்மேலதான் குத்தம்."

தோட்டு விசயத்தைச் சொல்லி முடித்தார். துஷ்யந்தி கொப்பியை அலுமாரித் தட்டிலேயே வைத்துவிட்டு, புத்தகம் ஒன்றை எடுத்து ஆறாவது கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத தங்கச்சி. மலைமுகிலன் ஐயா சொல்றாரு, அது வந்து மாய..."

அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தக் கதை பேப்பர்ல வந்து ஆறு வருசம். மேடையில ஏழு பேர் பேசினாங்க. நூத்தெழுவது பேர் வாழ்த்தினாங்க. ஒருத்தரும் அவ காதப் பாக்கல. ரெண்டு நாள் நித்திரை இல்லன்னா சொன்னாங்க?"

"ரெண்டு நாள்."

"நம்பரக் குடுங்க."

நாற்பது நிமிடம் கதைத்தார்கள். வீரய்யாவுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "ஓ, கல்லுத் தோடுன்னா சரி... இல்லீங்க, ராசம்மாவோட அண்ணிக்காரி குடுக்க மாட்டா, அவ அப்படிப்பட்டவ இல்ல... நீங்க என்ன நெனைக்கிறீங்க?" கடைசியில் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அவங்களுக்கு அவங்க பேருல ஒரு பிரதி வேணுமாம். ஹாஜியார் பேரு போட்டது வேணாமாம். காசு குடுத்துத்தான் வாங்குவாங்களாம்."

வீரய்யா ஓடிப்போய் மைப் பேனாவைக் கொண்டுவந்தார். புத்தகத்தைத் திறந்து எழுதக் குனிந்தவர், நிமிர்ந்து பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"எழுத்துக் கோணினாலும் பரவால்ல. நீயே எழுது."

அவள் எழுதியது கோணித்தான் இருந்தது. பட்டம் இல்லை, பதவி இல்லை, ஊர் இல்லை. 'மஸீனாவுக்கு. ராசம்மாவின் காதைப் பார்த்ததற்கு.' மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு அலுமாரித் தட்டிலிருந்த நீலக் கொப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாதிப் படியில் நின்றாள்.

"அண்ணே, அப்ப நீங்களும் வாசிக்கல்லதானே?"

அவள் கோபப்படவில்லை. மேலே போய்விட்டாள்.

அவர் விறாந்தைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை எடுத்தார். பழக்கத்தில் கை அடிமட்டத்தைத் தேடியது. அதை எடுத்துப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு முதல் கதையைத் தொடங்கினார். முற்றத்தில் பால் பொங்கியது. கலாராணி கூப்பிட்டாள். அவர் இரண்டாவது கதையின் நடுவில் இருக்கும்போது மறுபடியும் கூப்பிட்டாள்.

"என்னாங்க, சூரியன் மேல வந்துருச்சு! சாமி கும்பிட வாறீங்களா இல்லையா?"

"இரு, இரு." அவர் தலையைத் தூக்கவில்லை. பிறகு மாடிப்பக்கம் பார்த்து, குரலை உயர்த்தினார். "துஷி! இந்த ரெண்டாவது கதையில, கடையப் பூட்டிட்டு மழையோட எறங்கிப் போறானே ஒருத்தன், அவன் பொண்டாட்டிக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

மாடியில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணே?"